போர்வையை எழுதுவதா, வேண்டாமா

"உங்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்க" என்று அந்தச் சலவைக்கடைக்காரம்மா அழாத குறையாகச் சொன்னாள்.

"அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஸ்க்ரீன்ல வெளிச்சம் இருக்கா பாருங்க" என்றாள் போன் அக்கா.

"வெளிச்சமெல்லாம் இருக்கு. வாடிக்கையாளர் பேரை அடிச்சா பேர் வரமாட்டேங்குது. பெட்டி பெட்டியா ஏதோ திறக்குது, மூடுது. எனக்கு பயமா இருக்கு."

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. கீபோர்டு மேல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்ல."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"அதான் சொல்றேனே, ஒண்ணுமே இல்ல. ஒரு போர்வை மட்டும்தான்."

போன் அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு தரம் கூரையைப் பார்த்தாள். பிறகு குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

"அந்தப் போர்வை எந்தப் பக்கமாப் படுத்திருக்கு?"

"இடது ஓரமா. கடையில இடமே இல்லைங்க. மடிச்சு வச்சிருக்கேன், அது பாட்டுக்கு இருக்கு."

"அதைக் கொஞ்சம் எழுப்பி வேற எங்கயாவது படுக்க வையுங்க. வச்சாச்சா? இப்போ பேரை அடிங்க."

சிறிது நேரம் விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஐயோ, வருதுங்க! மகராசியா இருங்க!" என்று ஒரு கூச்சல்.

பக்கத்தில் இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் கையேடு எழுத வந்த பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை யாரிடமும் தானாகப் பேசாதவள் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அக்கா, கீபோர்டு மேல எதையும் வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துடவா?"

"தாராளமா சேரு. நாளைக்கு ஒருத்தர் மவுஸ் மேல தலையணையை வைப்பார். கீபோர்டு மேலதானே வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு என்னையே திருப்பிக் கேப்பார்."

"அப்போ எழுத வேண்டாமா?"

"நான் எங்க வேண்டாம்னேன்? எழுதறது உன் வேலை. போர்வையைக் கண்டுபிடிக்கிறது என் வேலை."

அந்த அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சலவைக்கடைகளுக்கான மென்பொருள் ஒன்றை அவர்கள் தயாரித்து விற்றார்கள். துணி வாங்கும்போது மூட்டைக்கு ஒரு டேக் நம்பர் கொடுக்கும், பில் போடும், துணி தயாரானதும் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்களின் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், எதிரே மூன்று பேர் அவசரப்படுத்திக்கொண்டு நிற்பார்கள். ஆகவே நாள் முழுக்கத் தொலைபேசி அடித்தபடி இருக்கும். எடுத்துப் பேசுவது போன் அக்கா.

அவளுக்கு உட்காரத் தெரியாது. அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு நல்ல சுழல் நாற்காலி உண்டு; அதில் அவளுடைய கைப்பையும் குடையும்தான் சொகுசாக உட்கார்ந்திருக்கும். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒயர் விடும் தூரம்வரை போவாள், திரும்புவாள். ஒரு காலத்தில் சுருள் சுருளாக இருந்த அந்த ஒயர் அவள் இழுத்த இழுப்பில் நேராகிப்போயிருந்தது. தரையில் அவள் நடக்கும் பாதை மட்டும் தனியாகப் பளபளக்கும். ஒயர் இல்லாத கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசிக்கொண்டே படியிறங்கி, டயர் கடையைத் தாண்டித் தெருமுனைவரை போய்விட்டாள். பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தது. பழையபடி ஒயருக்கே கொண்டுவந்து கட்டினார்கள். "கயித்துல கட்டின கன்னுக்குட்டி நான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

சாப்பாடும் நின்றுகொண்டுதான். ஜன்னல் விளிம்பில் டப்பாவைத் திறந்து வைத்து, கீழே தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி சாப்பிடுவாள். இந்த ஆள் ஏன் இவ்வளவு வேகமாப் போறான், அந்தம்மா பை ஏன் ஒரு பக்கமாச் சாயுது என்று ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டில் முதுகுவலியோடு படுத்திருக்கும் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், எதற்கும் குறை சொல்லும் நாத்தனார். "எங்க வீட்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, நான் ஒருத்தி நிக்கிறேன், கணக்கு சரியாப் போச்சு" என்பாள்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். விற்றது வேறு ஆட்கள். மெஷின் வீட்டுக்கு வந்து இறங்கியதும் போய், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக்கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் முதல் துவைப்பு அவள் கையால்தான். எந்த வீட்டில் மாமியார் மெஷினை நம்பாமல் துவைத்த துணியை மறுபடி கல்லில் அடித்துத் துவைத்தார், எந்த வீட்டில் குழந்தை பூனையை உள்ளே போடப் பார்த்தது என்று கதை கதையாகச் சொல்வாள். அந்தக் கம்பெனி மூடிய பிறகு இங்கே வந்தாள். கையேடு எழுதும் பெண் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிப்பாள். அவை வெறும் கதைகள் என்றே அப்போது நினைத்தாள்.

அவள் சிரிப்பதோடு சரி, பேசுவது குறைவு. பள்ளியில் ஒரு மொழி, கல்லூரியில் இன்னொரு மொழி என்று படித்து, இரண்டிலும் பிழையில்லாமல் எழுதவும் இரண்டிலும் பேசாமல் இருக்கவும் பழகியிருந்தாள். போன் அக்கா அவளுக்குப் பேசாமடந்தை என்று பெயர் வைத்து, பிறகு அதையும் சுருக்கி "மடந்தை" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

கையேடு எழுதுவது எளிதான வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? "கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போடவும்" என்று எழுதினாள். மென்பொருளை எழுதிய இளைஞன் அதைப் படித்துவிட்டு, "அதுக்கு முன்னாடி மூச்சை உள்ள இழுக்கவும், வெளிய விடவும்னு ஒரு வரி போட்டுடுங்க" என்றான். காது சிவக்க அந்தச் சுவிட்சு வரியை நீக்கினாள். மறுநாளே ஒரு கடைக்காரர், புரோகிராம் வரவில்லை என்று சத்தம் போட்டார். போன் அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போய், சுவர் சுவிட்சு அணைந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். நீக்கிய வரியை மறுபடி சேர்ப்பதா? சேர்த்தால் தெரிந்தவருக்கு அவமானம், விட்டால் தெரியாதவருக்குத் திண்டாட்டம். ஒவ்வொரு வரியும் இப்படியே இழுத்தது. வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருக்கும். "உனக்கு என்னடி ஆச்சு, தட்டுல இருக்கறதப் பார்த்துச் சாப்பிடு" என்று அம்மா கையைப் பிடித்து நிறுத்துவாள்.

இந்தத் திண்டாட்டத்துக்கு நடுவில்தான் மேனேஜர் ஒருநாள் அவள் மேஜைக்கு வந்தார். அவருக்கு அலுவலகத்தில் 'சுருக்கம்' என்று பெயர். எதையும் முழு வாக்கியமாகப் பேச மாட்டார். எழுதியதை அனுப்பினால், "பார்த்தேன். நீளம்" என்று பதில் வரும். கையேடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கேட்டதற்கு இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு பிஸ்கட் அளவு இடைவெளி காட்டியவர்.

"கையேடு முக்கியம்" என்றார். "மாசக் கடைசிக்குள்ள கால்ஸ் பாதியாக் குறையணும். குறைஞ்சா போன் டெஸ்க்கை மூடிடலாம்னு முதலாளி சொல்லிட்டார்."

அவள் நிமிர்ந்து, அறையின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்த போன் அக்காவைப் பார்த்தாள்.

"அக்காகிட்ட பேசியாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலைவரை அவளால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த ஒயரின் நீளத்துக்குள், எப்போதும் போல, யாரோ ஒரு கடைக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். படுத்திருக்கும் கணவர், படிக்கும் மகள் எல்லாரும் அவள் கண்முன் வந்தார்கள். கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். என்னவென்று கேட்பது? உங்கள் வேலையைப் பறிக்கும் புத்தகத்தை நான்தான் எழுதுகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்றா? தண்ணீர் குடிக்க எழுந்தவள் போல டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளை இன்னும் குடைந்தது. போன் அக்கா அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு அழைப்பு முடிந்ததும் நேராக வந்து நிற்பாள்.

"மடந்தை, எழுதிக்கோ. பாதிப் பணம் கட்டினவங்களுக்கு எப்படி பில் போடறதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. எழுதிட்டியா? துணியைத் திருப்பி எடுத்துட்டுப் போனா என்ன பண்றது? அதையும் எழுது."

எழுதியதை வாங்கி நடந்தபடியே படிப்பாள். வெறுமனே படிக்க மாட்டாள், நடித்துப் படிப்பாள். அவசரத்தில் இருக்கும் கடைக்காரராக, கண்ணாடியை மறந்துவிட்டு வந்த மாமனாராக, எதையும் படிக்காமல் கடைசிப் பட்டனை மட்டும் அமுக்கும் மருமகனாக.

"'தேவையான விவரங்களைப் பூர்த்தி செய்யவும்.' என்ன விவரம்? யாருக்குத் தேவை? எனக்கு வீட்டுக்குப் போகணும், அதுதான் எனக்குத் தேவை" என்று மாமனார் குரலில் அதட்டுவாள். அறையே சிரிக்கும். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். தான் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டத் தானே கோடரியும் எடுத்துக் கொடுக்கிறாளே இந்த மனுஷி என்று நினைத்துக்கொள்வாள்.

அள்ளிக் கொடுத்தவற்றிலேயே கனமானது 'நாள் முடிப்பு' என்ற பட்டனைப் பற்றியது. கடை மூடும்போது அதை அமுக்கினால் அன்றைய கணக்கு முடியும். மறுநாள் காலை டேக் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் வாடிக்கையாளர் எடுத்துப் போகாத மூட்டைகள் அலமாரியில் பழைய நம்பரோடு இருக்குமே! அமுக்குவதற்கு முன் அவற்றை 'இருப்பு' என்று குறித்துவிட்டால் மென்பொருள் அந்த நம்பர்களைத் தாண்டிப் போகும். குறிக்காவிட்டால் ஒரே நம்பரில் இரண்டு மூட்டைகள் வந்து நிற்கும். போன் அக்காவுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான். ஏன் மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று இளைஞனைக் கேட்டால், "அடுத்த வெர்ஷன்ல" என்பான். அவன் அகராதியில் அதற்கு எப்போதுமில்லை என்று அர்த்தம்.

அந்தப் பக்கத்தை அவள் நன்றாகவே எழுதினாள். பட்டனுக்கு முன்னால் அலமாரியைப் பார், மிச்சமுள்ளதைக் குறி, பிறகு அமுக்கு. மூன்று வரி. படித்தால் யாருக்கும் புரியும். அதுதான் உறுத்தியது. இந்த மூன்று வரி அச்சானால் பாதி அழைப்புகள் வராது. தொலைபேசி மௌனமாகிவிடும். ஒயரைச் சுருட்டி யாரோ அட்டைப் பெட்டியில் போடுவார்கள்.

கையேட்டைக் கொடுக்க வேண்டிய நாள். மேனேஜரிடமிருந்து காலையிலேயே செய்தி வந்திருந்தது: "இன்னும் நீளம்." எதையாவது வெட்டியே ஆக வேண்டும். அவள் அந்த மூன்று வரிகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒயரின் கோடிவரை போனாள், திரும்பினாள், போனாள், திரும்பினாள். மூன்று வரிகளையும் வெட்டினாள். அந்த இடத்தில் "நாள் முடிப்புப் பட்டனை அமுக்கவும்" என்ற ஒரே வரி மிஞ்சியது. சுவர் சுவிட்சு பற்றிய வரியை மறுபடி சேர்த்தாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு. சுருக்கம்" என்று மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. அவர் அவ்வளவு பாராட்டி யாரும் பார்த்ததில்லை.

கையேடு கடைகளுக்குப் போனது. சின்னச் சின்ன அழைப்புகள் குறைந்தன. நாள் முடிப்பு அழைப்புகள் குறையவில்லை. இப்போது புத்தகத்தைப் படித்தவர்களும் தைரியமாகப் பட்டனை அமுக்கினார்கள். மேனேஜர் சுவரில் மாட்டிய பலகையில் தினமும் அழைப்புகளின் எண்ணிக்கையை எழுதி வைப்பார். அந்தப் பெண் அதைப் பார்த்து உள்ளூர நிம்மதி அடைவாள். அக்காவோ அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்த்து, நகத்தைக் கடித்துக்கொண்டு, முன்னைவிட வேகமாக நடப்பாள். வேலை போய்விடும் என்ற பயம் என்று நினைத்தாள் அவள். எண்ணிக்கை பாதிக்கு இறங்கவில்லையே, இன்னும் ஏன் பயப்படுகிறாள் என்று மட்டும் புரியவில்லை.

மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது போர்வைக்காரம்மா கூப்பிட்டாள். இந்த முறை உண்மையாகவே அழுதாள். அவள் கடைக்கு ஒரு பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுகளும் ஒரு ஹோட்டல் பரிமாறுகிறவர்களின் வெள்ளைக் கோட்டுகளும் வந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே நம்பர் விழுந்து மூட்டை மாறிவிட்டது. டாக்டர் அவசரத்தில் பார்க்காமல் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கோட்டுப் பையின்மேல் ஹோட்டல் பெயர் பூவேலையோடு பெரிதாக இருந்தது. பல்வலியோடு வந்த ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன், "இன்னைக்கு சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டாராம்.

போன் அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மறுமுனையில் அழுகை நிற்கவில்லை.

"சிரிக்காதீங்க. டாக்டரம்மா வந்து எல்லார் முன்னாடியும் கத்திட்டுப் போயிட்டாங்க. இனிமே உன் கடைப்பக்கமே வரமாட்டோம்னுட்டாங்க. நான் புக்கைப் பார்த்துத்தாங்க பண்ணேன். வரிக்கு வரி விரல் வச்சுப் பண்ணேன். அமுக்கவும்னு போட்டிருந்துச்சு, அமுக்கினேன்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு நின்றது. சமாதானம் சொல்லி ரிசீவரை வைத்தாள். மேஜைமேல் இருந்த கையேட்டை எடுத்து, நாள் முடிப்புப் பக்கத்தைப் பிரித்துப் படித்தாள். நடிக்காமல் படித்தாள். பிறகு ஒயர் எட்டாத தூரத்தையெல்லாம் கடந்து அந்தப் பெண்ணின் மேஜைக்கு வந்தாள்.

"இருப்பு குறிக்கணும்னு உங்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீ எழுதினதை நான் படிச்சேன்ல? நல்லாத்தானே இருந்துச்சு. எங்க போச்சு? சுருக்கம் வெட்டிட்டாரா?"

"இல்லக்கா."

"அந்த அடுத்த வெர்ஷன் பயலா?"

"இல்ல. நான்தான்."

"ஏன்டி?"

அவளுக்கு எந்த மொழியிலும் வாக்கியம் வரவில்லை. "டெஸ்க்கை மூடிடுவாங்கன்னு..." என்றாள்.

"ஆமா, மூடுவாங்க. அதுக்கு?"

"உங்க வேலை..."

போன் அக்கா அவளையே பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், அந்த அறையில் யாரும் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், கைப்பையின் மேலேயே. குடை தரையில் விழுந்து உருண்டது. அந்தப் பெண் பயந்துபோய் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"அவர் உங்கிட்ட என்ன சொன்னார்? வார்த்தை மாத்தாம சொல்லு."

"கால்ஸ் பாதியாக் குறைஞ்சா போன் டெஸ்க்கை மூடிடலாம்னு முதலாளி சொல்லிட்டார்னார். அக்காகிட்ட பேசியாச்சுன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பாவி மனுஷன்!" என்று போன் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட பேசினார், பேசாம இல்ல. மூடிட்டு என்னைக் கடை கடையா அனுப்பறேன்னார். புதுசா வாங்கறவங்களுக்கு நேர்ல போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவரா குடுக்கல, நானாக் கேட்டேன். இந்த ஒயரைக் கட்டின நாள்லருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். கால்ஸ் குறையட்டும், பார்க்கலாம் பார்க்கலாம்னு முதலாளி தள்ளிக்கிட்டே வந்தார். இந்த மாசம்தான் சரின்னார். இந்த மாசம் விட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். தான் நிம்மதியோடு பார்த்துவந்த அதே எண்கள்.

"அப்போ எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தது..."

"பின்ன என்ன, தியாகம்னு நினைச்சியா? என் அவசரம்டி! காது வலிக்குது எனக்கு. வீட்ல பால் குக்கர் விசில் அடிச்சாக்கூட 'ஹலோ, சொல்லுங்க'ங்கிறேன். நாத்தனார் அதை வச்சே நாள் பூரா சிரிக்கிறா. யார் எந்தக் கதவைத் திறந்து வச்சிருக்காங்க, எங்க போர்வையை வச்சிருக்காங்கன்னு கேட்டுக் கேட்டு, கண்ணால பார்க்காமலே எனக்கு வயசாகுது. நீ என்னைக் காப்பாத்தறேன்னு இங்கயே கட்டிப்போட்டிருக்க."

தொலைபேசி அடித்தது. அக்கா எழுந்துவிட்டாள். எடுத்துப் பேசியபடி நடக்கவும் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண் குனிந்து குடையை எடுத்து நாற்காலியில் வைத்தாள். அன்று மதியம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையே அந்தப் பெண் மேனேஜர் அறைக்குப் போனாள். கூப்பிடாமல் அங்கே போனது அதுவே முதல்முறை. நாள் முடிப்புப் பக்கத்தைத் திருத்தி எல்லாக் கடைகளுக்கும் உடனே அனுப்ப வேண்டும் என்றாள். "நீளமாகும்" என்றார் அவர். "ஆகட்டும் சார்" என்றாள். அவர் அவளை ஒரு கணம் வியப்பாகப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

வெட்டிய மூன்று வரிகளையும் அப்படியே எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போர்வைக்காரம்மா விரல் வைத்துப் படித்தவள். முதல் வரியில் விரல் வைத்ததுமே அமுக்கிவிடுவாள். ஆகவே அமுக்கச் சொல்லும் வரியைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். அதற்கு மேலே அலமாரி. எந்த மூட்டை மிச்சம், அதன் நம்பரை எங்கே தேடுவது, இருப்பு என்று எப்படிக் குறிப்பது, குறித்தது குறிக்கப்பட்டுவிட்டது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. போர்வைக்காரம்மாவுக்குத் தானே கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். கூச்சத்தில் குரல் தடுமாறியது. இரண்டு இடங்களில் அந்தம்மா, "அப்படின்னா?" என்றாள். அந்த இரண்டு இடங்களையும் மாற்றினாள். அந்த நேரத்தில் தானும் எழுந்து ஒயரை இழுத்தபடி நடந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

பலகையில் எண்கள் இறங்கின. மெதுவாகத்தான் இறங்கின. கடைசி நாள்வரை அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள், இந்த முறை இவளும் கூடச் சேர்ந்து கடித்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது எண். முதலாளி பலகையைப் பார்த்தார், கையேட்டைப் புரட்டினார், அக்காவைப் பார்த்தார். "போயிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

அடுத்த வாரம் போன் அக்கா தெருவில் இருந்தாள். புதுச் செருப்பு, தோளில் ஒரு பை, குடை. கடை கடையாக ஏறி இறங்கினாள். முதல் மூட்டைக்கு முதல் டேக் போடுவது இப்போதும் அவள் கைதான். அவ்வப்போது அலுவலகத்துக்கு வரும்போது, எந்தக் கடையில் கம்ப்யூட்டர்மேல் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள், எந்தக் கடையில் மவுஸைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று புதுக் கதைகளோடு வருவாள். வந்த இடத்திலும் உட்காருவதில்லை.

மிச்சமிருக்கும் அழைப்புகளுக்காகத் தொலைபேசியைத் தூக்கிவந்து அந்தப் பெண்ணின் மேஜையில் வைத்தார் மேனேஜர். "இனி நீங்க" என்றார். இதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். கேட்டே வாங்க வேண்டும் என்று கற்றிருந்தாள். இல்லை, அவ்வளவுதான் என்றார். அவள் மேஜையைச் சுற்றியும் தரை இப்போது லேசாக மினுங்க ஆரம்பித்திருக்கிறது. தொலைபேசி அடித்தால் ஒரு பக்கம் எரிச்சல் வருகிறது, அடிக்காவிட்டால் கையேட்டில் எதையோ தப்பாக எழுதிவிட்டோமோ என்று மனது அலைகிறது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஒரு வரியைச் சேர்க்கிறாள், இன்னொரு வரியை எடுக்கிறாள். அந்தப் புத்தகம் முடிந்தபாடில்லை.

அப்போதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வருவது குடை உருண்ட அந்த நாளின் மாலை. வேலை முடிந்து இருவரும் தனித்தனியாகப் படியிறங்கி, கீழே டயர் கடை வாசலில் மழைக்காக ஒதுங்க வேண்டியதாயிற்று. அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே ஒற்றை ஆள் நிற்கும் இடம். அங்கேயும் அக்கா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் குடை இருந்தது, விரித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கோபம் எங்கோ போய்விட்டிருந்தது. தெருவையே பார்த்தபடி, கடன் கேட்பவள் போலத் தயங்கி, அவள் அதைக் கேட்டாள்.

"மடந்தை, ஒரு உதவி பண்ணுவியா? எந்த இடத்துலயும் என்னைத் தேட வேண்டாத மாதிரி எழுதிக் குடு. எதையும் விடாதே. வேணும்னா அந்தப் போர்வையைக்கூட எழுதிடு."